ஹாஸ்டலுக்குப் போன மெத்தைகள்

மெத்தைக் கடை வைத்தவர்களுக்கு ஒரு வருத்தம் கடைசி வரை தீராது. சரக்கு நன்றாக இருந்தால் வாங்கியவர் படுத்துத் தூங்கிவிடுவார். கடைப்பக்கம் எட்டிப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். தூக்கம் வராதவர்தான் மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வருவார். எந்தக் கடையிலாவது நாலு வருஷம் உட்கார்ந்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

திருவள்ளூர் ஸ்டேஷனிலிருந்து பஜாருக்குப் போகிற வழியில் எங்கள் கடை. வீட்டுக்காரர் இலவம்பஞ்சை அடித்துக் கொடுப்பார். நானும் கடையில் கூட வேலை செய்த கன்னியம்மாவும் தைப்போம். கன்னியம்மா என்னைவிடப் பத்து வயது பெரியவர். பேச்சு மட்டும் என் பேச்சில் பத்தில் ஒரு பங்கு. ஆரம்பத்தில் எங்களுக்குக் கல்யாண வியாபாரம்தான். அறுபதுகளில் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் பியூசி, பி.எஸ்ஸி. என்று மெட்ராஸ் காலேஜ் ஹாஸ்டல்களுக்குப் போக ஆரம்பித்தார்கள். ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு ஒரு லிஸ்ட் வரும்: மெத்தை ஒன்று, தலையணை ஒன்று, படுக்கை விரிப்பு இரண்டு, கொசுவலை ஒன்று. ஜூன் மாதம் பிறந்தால் அந்த லிஸ்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

கல்யாணப் பார்ட்டி மெத்தையைத் தொட்டுப் பார்க்கவே வெட்கப்பட்டுக்கொண்டு சட்டென்று வாங்கிப் போய்விடும். காலேஜ் பார்ட்டிதான் உயிரை எடுக்கும். பரீட்சைக் காலத்தில் தூக்கம் வராமல் புரண்டவர்களும், படிக்க வேண்டிய நேரத்தில் தூங்கி வழிந்தவர்களும் இதைப் படித்தால் யார் பக்கம் நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பக்கமும் கொஞ்சம் நில்லுங்கள்.

படுத்துப் பார்த்தவர்

ஒரு ஜூன் மாதம், நெல் விவசாயம் செய்கிற குடும்பம் ஒன்று மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தது. அப்பா, அம்மா, பியூசியில் இடம் கிடைத்த மகன், அவனுக்குக் கீழே இரண்டு பெண்கள். அந்த வீட்டில் யாரும் அதுவரை மெத்தையில் படுத்தது கிடையாது. “படுத்துப் பாருப்பா, தப்பில்ல” என்றார் வீட்டுக்காரர். பையன் கூச்சப்பட்டுக்கொண்டு தூணைப் பிடித்தபடி நின்றுவிட்டான். தங்கைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் அப்பா, “தள்ளு, நான் பாக்கறேன்” என்று மேல்துண்டை மடித்து வைத்துவிட்டுப் படுத்தார்.

படுத்தவர் எழுந்திருக்கவில்லை. குறட்டை வந்தது. நான் எழுப்பப் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “எய்ப்பாதம்மா. புள்ளைக்கு சீட்டு கெடைக்குமா கெடைக்காதான்னு ஒரு மாசமா அந்த மன்ஷன் கண்ண மூடல.” பிறகு கல்யாணப் பார்ட்டி ஒன்று வந்தது. இன்னொன்றும் வந்தது. மெத்தையில் யாரோ படுத்திருப்பதைப் பார்த்து, சரக்கு அவ்வளவு நன்றாகவா இருக்கிறது என்று ஆளுக்கு ஒரு மெத்தை ஆர்டர் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்களுக்கு அப்படி ஒரு விளம்பரம் அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

ஒரு மணி நேரம் கழித்து எழுந்தார். மனைவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், மெத்தையைக் கையால் ஒரு தடவு தடவினார். முகத்தில் அப்படி ஒரு பயம். வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னார்: “மெத்த வோணாங்க. இதுல படுத்தா எம்புள்ள எங்கேந்து படிப்பான்? ஒரு பாய் இருந்தா குடுங்க.”

தூங்க விடாத தலையணை

சரோஜா திருவள்ளூர்ப் பெண். தினமும் ரயிலில் மெட்ராஸ் போய் பி.எஸ்ஸி. கணக்குப் படித்துவிட்டு வருவாள். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது கடைக்கு வந்து, “அக்கா, தூக்கம் வராத மாரி ஒரு தலகாணி தெச்சுக் குடுங்க” என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. புத்தகத்தை மார்பில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் தலை சாய்ப்பாளாம், கண் விழித்தால் விடிந்திருக்குமாம். தப்பு தலையணையுடையது என்று முடிவு கட்டியிருந்தாள்.

வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “என் கையால பஞ்சு அடிச்சு, அதுல தூக்கம் வராதுன்னா ஊருல இன்னா பேசுவாங்க?” என்று எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். அவர் இல்லாத நேரத்தில் நான் தைத்தேன். அடிக்காத பஞ்சை எடுத்து, இலவங்கொட்டைகளோடு அப்படியே திணித்தேன். தொட்டால் கூழாங்கல் மூட்டை மாதிரி இருந்தது. அதில் ஒரு விநாடி தலை வைத்துப் பார்த்தேன். காதில் குத்தியது. பரவாயில்லை, படிப்பு முக்கியம் என்று கொடுத்தனுப்பினேன்.

பத்து நாள் கழித்து வந்தாள். கன்னத்தில் வரிசையாகக் கொட்டை பதிந்த தடம். கழுத்துப் பிடித்துக்கொண்டதா, தலை வலிக்கிறதா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லையாம். கூச்சத்தோடு சொன்னாள்: “முன்னவிட இதுல நல்லா தூக்கம் வருதுக்கா. எங்கம்மாவுக்கும் ஒண்ணு தெச்சுக் குடுங்க.”

மூட்டைப்பூச்சி வழக்கு

மெட்ராஸில் ஒரு ஹாஸ்டலுக்கு நாற்பது மெத்தை தைத்துக் கொடுத்தோம். பெயர் வேண்டாம். இரண்டாவது மாதம் வார்டனிடமிருந்து கார்டு வந்தது. மெத்தையில் மூட்டைப்பூச்சியாம், மாணவர்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சொறிகிறார்களாம், நாங்கள் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டுமாம். வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அங்கே போய் வாய் தவறி ஒப்புக்கொண்டுவிடுவாரோ என்ற பயத்தில் நானும் கூடப் போனேன்.

வார்டன் நல்ல மனிதர்தான். ஆனால் அவரும் சரியாகத் தூங்காதவர் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. “உங்க பஞ்சுலேர்ந்துதான் வந்திருக்கு” என்றார். வீட்டுக்காரர் ஒரு மெத்தையைக் கீழே இறக்கி வைத்தார். காலியான மரக் கட்டிலை ஒரு பக்கமாகத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மூலை இடுக்கிலிருந்து பொலபொலவென்று கொட்டின. குண்டு குண்டாக, சாவகாசமாக நடந்து போயின. ஒரு வருஷத்துச் சாப்பாட்டில் வருகிற உடம்பு இல்லை அது.

வார்டன் குனிந்து பார்த்தார். கதவோரம் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றிருந்த ஒரு பையன் சொன்னான்: “இதுங்கல்லாம் பழைய பேட்ச் சார். எங்களுக்கு சீனியர்.”

மணல் மூட்டை

வேலு பழவேற்காட்டுப் பக்கத்துப் பையன். ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். அக்காவைத் திருவள்ளூரில் கட்டிக் கொடுத்திருந்ததால் எங்களிடம் மெத்தை வாங்கினான். அவர்கள் குப்பத்திலிருந்து காலேஜ் போன முதல் பிள்ளை அவன். ஆகஸ்டில் அக்கா வீட்டுக்கு வந்தவன் மெத்தையோடு கடைக்கு வந்தான். தோளில் ஒரு சாக்கு வேறு.

“இதுல இருக்கற பஞ்ச எடுத்துட்டு இத ரொப்பிக் குடுங்கக்கா” என்று சாக்கை அவிழ்த்தான். உள்ளே மணல். கரையிலிருந்து அள்ளி, சலித்து, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்திருந்தான். பிறந்தது முதல் மணல் தரையில் படுத்தவன், பஞ்சில் படுத்தால் உடம்பு எங்கேயோ கீழே போய்க்கொண்டே இருப்பது போல இருக்கிறதாம். மூன்றாவது மாடி அறை. காற்று கிடையாது, தண்ணீர்ச் சத்தம் கிடையாது. இரண்டு மாதத்தில் கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்திருந்தது. இந்தத் துணியில் மணல் நிற்காது, கட்டில் தாங்காது, மூன்று மாடி யார் தூக்குவது என்று வீட்டுக்காரர் வெகு பொறுப்பாக ஒவ்வொரு காரணமாகச் சொன்னார். வேலு எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். சாக்கை மட்டும் கட்டவில்லை.

கடைசியில் கெட்டித் துணியை இரட்டையாக மடித்து, ஒரு முழ நீளத்துக்கு ஒரு திண்டு தைத்து, அதில் மணலைப் போட்டுக் கொடுத்தோம். பாதத்தை அதன்மேல் வைத்துக்கொண்டு படுக்கச் சொன்னேன். எனக்கே நம்பிக்கை இல்லை. தசரா லீவில் வந்தபோது முகம் தெளிந்திருந்தது. தூக்கம் வருகிறதா என்று நான் கேட்பதற்குள் அவனே சொன்னான்: “வார்டன் ரூம் செக் பண்ண வந்தாருக்கா. இன்னாடா இது மூட்டைன்னாரு. எங்க ஊரு சார்ன்னேன். ஒண்ணும் சொல்லாம பூட்டாரு.”

இரண்டு தலையணை

காலேஜ் வாத்தியார் ஒருவர் திருவள்ளூரிலிருந்து தினம் மெட்ராஸ் போய் வருவார். தர்க்க சாஸ்திரம் சொல்லிக் கொடுப்பவர். ஒரு நாள் மாலை ரயிலை விட்டு இறங்கியவர் நேராகக் கடைக்கு வந்தார். ஹாஸ்டல் பையன்களெல்லாம் மத்தியான வகுப்பில் வரிசையாகத் தூங்குகிறார்களாம். ராத்திரி தூங்கவில்லையா என்றால் மெத்தை சரியில்லை என்று எங்கள் கடையைக் காட்டுகிறார்களாம். “அப்படி இன்னம்மா போட்டுத் தெக்கிறீங்க?” என்று கேட்டார்.

பஞ்சைக் கையில் எடுத்துக் காட்டினேன். பிறகு, உங்கள் வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ரெண்டு மணி என்றார். ஹாஸ்டல் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஒரு மணி என்றார். கொஞ்ச நேரம் மேலே பார்த்து யோசித்தார். அவர் சாஸ்திரப்படி ஏதோ நிரூபணமாகிவிட்டது போல. எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார். “ரெண்டு தலகாணி குடும்மா. ஒண்ணு ஊட்டுக்கு, ஒண்ணு காலேஜுக்கு. அந்தப் பாடத்தத் தயார் பண்றப்ப எனக்கே கண்ண சொக்குது.”

பள்ளம் விழாத மெத்தை

நாலு மாதம் ஒருவர் படுத்த மெத்தையை விரித்துக் காட்டினால், அவர் எப்படிப் படுப்பவர் என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். தோள் அழுந்திய இடம், இடுப்பு அழுந்திய இடம், ஒருக்களித்துப் படுப்பவரா, புரள்பவரா எல்லாம் பஞ்சில் பதிந்திருக்கும். ஒரு வருஷம் தீபாவளிக்குச் சில நாள் முன்பு, தேவராஜ் என்ற பியூசி மாணவன் ஜூனில் வாங்கிய மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். புதுவாயல் பக்கத்துக் கிராமம். சொந்த நிலத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம். அவன் அப்பா கோர்ட்டு வேலையாகத் திருவள்ளூர் வந்தபோது எங்களிடம் வாங்கியது. “இத யாருக்காச்சும் குடுத்துடுங்கக்கா. எனக்கு வோணாம்” என்றான். வீட்டுக்காரர் விரித்துப் பார்த்தார். பள்ளமே இல்லை. நேற்றுத் தைத்தது போல இருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும், ஆள் உட்காருகிற அகலத்துக்குப் பஞ்சு அமுங்கியிருந்தது.

“இதுல நீ படுக்கவே இல்லியா?” என்று கேட்டார்.

“குந்திக்கினு இருப்பேண்ணா” என்றான்.

பள்ளிக்கூடத்தில் அவன்தான் முதல் மாணவன். ஊரே புதுவாயல் பஸ் நிறுத்தம் வரை வந்து மாலை போட்டு அனுப்பியிருக்கிறது. காலேஜில் எல்லாம் இங்கிலீஷ். வாத்தியார் பேசுவதில் அங்கங்கே ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. முதல் பரீட்சையில் எல்லாப் பாடமும் போய்விட்டது. அதிலிருந்து படுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, வகுப்பில் கேட்ட புரியாத பேச்செல்லாம் காதுக்குள் ஓடுகிறது. அதனால் எழுந்து உட்கார்ந்துவிடுவான். “ரூமே தூங்குதுக்கா. நான் மட்டும் முழிச்சிக்கினு இருந்தா, நான்தான் தெரியாம உள்ள வந்துட்டா மாரி இருக்குது” என்றான். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மெட்ராஸிலிருந்து அவன் ஊருக்குப் போகக் கும்மிடிப்பூண்டி வண்டி ஏற வேண்டும். ஏறி வந்திருப்பது திருவள்ளூர் வண்டி. ஊருக்குப் போகிறாயா என்றேன். இல்லை என்றான். ஹாஸ்டலுக்கா என்றேன். அதற்கும் இல்லை. “அப்ப எங்க போற?” அவன் ஸ்டேஷன் பக்கம் பார்த்தான்.

இந்தப் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது என்று பட்டது. என்ன சொல்வது என்று தெரியாமல், படிப்பெல்லாம் வரும், கவலைப்படாதே என்று ஏதோ உளறினேன். அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வாயே திறக்காத கன்னியம்மா அப்போது தலை நிமிர்ந்து, “தம்பி, இந்தத் துணிய அந்தாண்ட இழுத்துப் புடி” என்றார். பிடித்தான். அவர் அளந்து வெட்டினார். அடுத்த துணி. அதையும் பிடித்தான். “அந்தப் பஞ்ச வாரி இங்க போடு.” போட்டான். ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு புத்திமதி சொல்லவில்லை. இப்படியே ஒரு மணி நேரம் போயிருக்கும். தலையெல்லாம் பஞ்சாக, குவியலோரம் உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. வீட்டுக்காரர் ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பெரியபாளையம் வழியாகப் புதுவாயல் போகிற பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அப்பா வந்தார். ஆஜானுபாகுவான ஆள். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்து, குறுக்கே நின்று பேச நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். நடுவில் எழுந்து இரண்டு வாய் சோறு தின்றுவிட்டு மகன் மறுபடி தூங்கிக்கொண்டிருந்தான். அவர் அவன் காலடியில் உட்கார்ந்தார். கண் விழிக்கும் வரை அங்கேயே இருந்தார். விழித்துப் பார்த்த தேவராஜ் நடுங்கிப்போய் எழுந்து நின்றான். அப்பா அவன் தலையிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். “ஒரு போகம் பூட்ச்சுன்னா நெலத்தையாடா வித்துட்டுப் பூடுவோம்? வா, மொதல்ல நாஷ்டா துண்ணு” என்றார். நான் வைத்திருந்த நாலு வார்த்தையும் வீணாகப் போனது.

மெத்தையையும் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய் இரண்டு வாரம் இருந்தான். பிறகு அப்பாவே கூடப் போய்க் காலேஜில் அவன் வாத்தியாரைப் பார்த்தார். புரியாததை வகுப்பு முடிந்து தமிழில் கேள், சொல்கிறேன் என்றாராம் அவர். அப்படிக் கேட்கலாம் என்பதே தேவராஜுக்கு அதுவரை தெரியாது. அந்த வருஷம் இங்கிலீஷில் ஃபெயிலானான், மறுபடி எழுதிப் பாஸானான். அதெல்லாம் அப்புறம். பொங்கல் கழிந்து ஒரு நாள் அவன் தலையில் மெத்தையோடு தெருமுனையில் வருவதைப் பார்த்தபோது எனக்கு உயிரே இல்லை. கடைக்குள் வந்து இறக்கி வைத்தான். என் வீட்டுக்காரர் வாழ்நாளில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கேட்ட புகார் அது ஒன்றுதான்: “படுக்க ஆரம்பிச்சு மூணு மாசம்கூட தாங்கலியேண்ணா, நடுவுல பள்ளம் வுழுந்துட்ச்சு. திரும்ப அடிச்சுக் குடுங்க.”

சூடு ஆறாத மெத்தை

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஃபாக்டரிகள் வரத் தொடங்கின. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பையன்களும் வந்தார்கள். மணி எங்கள் தெருக்காரன். அவனும் ஆரம்பாக்கத்திலிருந்து வந்த அவன் சிநேகிதன் ரமணய்யாவும் புதுவாயலில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். இருவருக்கும் ஒரே ஃபாக்டரி, வேறு வேறு ஷிஃப்ட். இருவரும் தபாலில் பி.ஏ. படித்தார்கள். அறையில் ஒரு கட்டில்தான் கொள்ளும். ஒருவன் எழுந்து போனால் அடுத்தவன் வந்து படுப்பான்.

மணி வந்து ஒரு மெத்தை கேட்டான். ஒரு பக்கம் நீலக்கோடு போட்ட துணி, மறுபக்கம் சிவப்புக்கோடு. நீலம் அவனுக்கு, சிவப்பு ரமணய்யாவுக்கு. வந்ததும் அவரவர் பக்கத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்களாம். இரண்டு மெத்தையாகவே வாங்கிக்கொள்ளலாமே என்றேன். வைக்க இடம் கிடையாது என்றான்.

ஆறு மாதம் கழித்து வந்தான். மெத்தை எப்படி என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது, ஆனால் திருப்பிப் போடுவதை விட்டுவிட்டோம் என்றான். இவ்வளவு மெனக்கெட்டுத் தைத்தோமே என்று எனக்கு எரிச்சல். ஏன் என்று கேட்டேன். மணி சிரித்தான். “அவன் மூஞ்சப் பாத்தே எத்தினி நாள் ஆவுதுக்கா. வந்து கைய வெச்சுப் பாப்பேன், மெத்த சூடா இருக்கும். நம்மாளு நல்லா தூங்கிட்டுத்தான் போயிருக்கான்னு தெரிஞ்சிக்குவேன். திருப்பிப் போட்டா அது எப்டி தெரியும்?”

எங்கள் வீட்டுப் பெண்

எங்கள் மகள் கலாவுக்கும் மெட்ராஸ் காலேஜில் இடம் கிடைத்தது. ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் தைத்த கை, சொந்த மகளுக்குத் தைக்கும்போது நாலு தடவை பிரித்துத் தைத்தது. வீட்டுக்காரர் ஒரு கொட்டை, ஒரு தூசு இல்லாமல் பஞ்சடித்தார். அப்படி ஒரு மெத்தையை நாங்கள் கல்யாணப் பார்ட்டிக்குக்கூடக் கொடுத்ததில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் எல்லாரும் பாயில் படுக்கிறவர்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

முதல் சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். பாயை உதறிப் போட்டுப் படுத்தாள். சாயங்காலம் எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் எழுந்திருக்கவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். எத்தனை பிள்ளைகளைப் பார்த்தவள் நான்! ஹாஸ்டலில் என்ன கஷ்டமோ, யார் என்ன சொன்னார்களோ, மெத்தையில் ஓரமாக உட்கார்ந்தே இருக்கிறாளோ என்று ஒவ்வொன்றாக நினைத்து, அன்றைக்குச் சோறு குழைந்துபோனது. வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு நாலு தடவை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். “மெத்தைல எங்கனா தப்பு பண்ணிட்டனா?” என்று என்னைக் கேட்டார்.

சாயங்காலம் எழுந்தவள் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். பிறகுதான் அவளிடம் மெதுவாக விசாரித்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்து முந்தானையைக்கூடக் கையில் பிடித்திருந்தேன். அவளோ விரலை நக்கிக்கொண்டே சொன்னாள்: “ரூம்ல எட்டு பேரும்மா, பேசி முடிக்கவே வெடிஞ்சுடுது. அங்க தூங்கறதுக்கு எங்கம்மா நேரம்? அதுக்குத்தான ஊட்டுக்கு வரேன்.”

இத்தனை வருஷம் மெத்தை தைத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், படிக்கிற பிள்ளைகள் தூங்குவதற்கு மெத்தை அவசியமே இல்லை, ஆனால் கடையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் இதை ஒரு வாடிக்கையாளரிடமும் நான் வாய் திறந்து சொன்னதில்லை.